கடிகாரம் நின்ற மடிக்கணினி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனப் பேருந்துகள். சன்னலோர இருக்கைகளில் அடையாள அட்டையைக் கழற்றாமலே உறங்கிவிட்ட இளம் முகங்கள். விழித்திருப்பவர் கைகளில் கைப்பேசி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொடங்கிவைத்த பயணம் இது. 2006-ல் நோக்கியா வந்தது, 2007-ல் டெல் வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே ஆலைகள் எழுந்துகொண்டே இருந்தன. கைப்பேசியும் கணினியும் காரும் லாரியும் புத்தம் புதிதாகப் புறப்பட்டுச் செல்லும் சாலை. இந்தச் சாலையோரத்தில் அமர்ந்து பழைய மடிக்கணினிகளின் பயனைப் பற்றி எழுதுவது, கொல்லன் தெருவில் துருப்பிடித்த ஊசி விற்பதைப் போன்றது என்று சிலருக்குத் தோன்றலாம். நாமோ, இதை எழுத வேண்டிய இடமே இதுதான் என்று கருதுகிறோம். காரணத்தைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

நமது வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். வழக்கமாகப் பத்துப் பேர், ஷிப்டு வாய்த்தால் பதினைந்து பேர். அவர்களில் ஒருவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றும் பெண். சிறுகதைகள் எழுதுகிறவர். அவ்வளவாக வெளியில் காட்டாதவர். அன்றைய கூட்டத்துக்குத் துணிப்பையில் சுற்றிய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணா, இதைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா? கடையில் காட்டினேன், போர்டு போய்விட்டது என்கிறார்கள். உள்ளே என் கதைகள் இருக்கின்றன. அதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

அது அவர் 2012-ல் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு தந்த மடிக்கணினி. அந்தத் திட்டத்தை இன்று பலரும் மறந்திருக்கக்கூடும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிய இயந்திரங்கள், அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. விற்றுவிட்டார்கள், சினிமா பார்க்கிறார்கள் என்றெல்லாம் அப்போது நடுத்தர வர்க்கம் எள்ளி நகையாடியது. இருக்கலாம். ஆனால் ஒரு கிராமத்து வீட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்து சேர்ந்த முதல் சொத்தாக அது இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் நண்பர் தம் முதல் கதையை எழுதியது அதில்தான்.

மின்னிணைப்பைக் கொடுத்துப் பார்த்தோம். போர்டு போகவில்லை. இயந்திரம் மெல்ல முனகி எழுந்தது, விண்டோஸ் 7 வந்தது. பழைய கோப்புகள் திறந்தன. ஆனால் எந்த இணையத் தளத்துக்குப் போனாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை. திரையின் வலது மூலையைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்தக் கணினியின் கணக்குப்படி அன்று 2010-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதி.

மடிக்கணினியின் வயிற்றுக்குள் ஒரு சின்னஞ்சிறு காசு வடிவ மின்கலம் இருக்கிறது. கடைகளில் 2032 செல் என்று கேட்டால் தருவார்கள். வீட்டு எடை பார்க்கும் கருவியிலும் கார் சாவியிலும் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. கணினி அணைந்திருக்கும் நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதன் வேலை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். பிறகு ஒவ்வொருமுறை மின்சாரம் துண்டிக்கப்படும்போதும் கணினி தான் பிறந்த காலத்துக்குத் திரும்பிவிடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கோ 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று ஆயுள் உண்டு. 2010-ல் நின்றுவிட்ட கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஆகவே ஒன்றையும் நம்பாது. சில பத்து ரூபாய் விலையுள்ள செல் ஒன்றை மாற்றியதும் கடிகாரம் சரியாயிற்று. கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நாம் எண்ணவில்லை. ஒரு மணி நேரம் செலவிட்டுக் காரணம் தேடுவதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கடிகாரம் சரியான பின்பும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-உடன் நின்றன. கூகுளின் குரோம் உலாவி 2023 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. வங்கிகளும் அரசுத் தேர்வுத் தளங்களும் புதிய உலாவியைக் கேட்கின்றன. இங்கேதான் நாம் சொல்லவந்த கருத்துக்கு வந்து சேர்கிறோம். பழைய கணினி பெரும்பாலும் உடல் நலிந்து சாவதில்லை. வெளியுலகம் அதனோடு பேசுவதை நிறுத்திக்கொள்வதால் செத்ததாக அறிவிக்கப்படுகிறது. விசைப்பலகை உழைக்கிறது, திரை ஒளிர்கிறது, எழுத்து எழுத்தாகவே விழுகிறது. ஆயினும் 'போய்விட்டது' என்கிறோம்.

அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி, எந்த வேலைக்கு வெளியுலகின் அனுமதி தேவை, எந்த வேலைக்குத் தேவையில்லை என்பது. பணப் பரிமாற்றம், தேர்வு விண்ணப்பம், மின்னஞ்சல் இவற்றுக்குத் தேவை. எழுதுவதற்கு? சேமித்து வைத்த நூலை வாசிப்பதற்கு? மெய்ப்புத் திருத்துவதற்கு? பக்கம் வடிவமைப்பதற்கு? பாட்டுக் கேட்பதற்கு? இவை எதற்கும் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினையைச் செய்துகொண்டால் பழைய மடிக்கணினிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்திலிருந்து முற்றிலும் பிரித்துவிடுவது. மற்றொன்று, பழைய உடலுக்குள் இலகுவான புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவி வெளியுலகோடு மீண்டும் பேசவைப்பது. இரண்டுக்கும் நம் வட்டத்திலேயே உதாரணம் உண்டு.

முதல் வழிக்கு உதாரணம் நம்மில் மூத்தவரான ஒரு நண்பர். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். அவருடைய மேசையில் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் தடித்த மடிக்கணினி ஒன்று இருக்கிறது. எக்ஸ்பி 2001-ல் வந்தது; அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திக்கொண்டது. நண்பருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் கணினி பல ஆண்டுகளாக இணையத்தைக் கண்டதில்லை. அதில் பேஜ்மேக்கர் 7.0 இருக்கிறது, 2001-ல் வந்த அதன் கடைசிப் பதிப்பு. அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை அமர்த்திவைத்த பழைய எழுத்துருக்கள்தாம்.

இளைய வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். ஒருங்குறியில் தமிழுக்கு இடம் 1991-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் விண்டோஸ் அதைப் புரிந்துகொண்டது 2000-ல்தான். லதா எழுத்துரு அப்போது வந்தது. எக்ஸ்பியில்கூட, நிறுவல் குறுந்தகட்டைத் தேடியெடுத்துப் போட்டு 'சிக்கலான எழுத்து வடிவங்கள்' என்ற வசதியைத் தனியாக நிறுவினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். அதற்கு முன்பும் அதோடு கூடவும் திஸ்கி என்றும் தாப் என்றும் தாம் என்றும் பாமினி என்றும் வானவில் என்றும் ஆளுக்கொரு குறியாக்கம் நிலவியது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல். முரசு அஞ்சலும் எ-கலப்பையும் பின்னர் என்எச்எம் ரைட்டரும் வந்து கரையேற்றிய கதை பலரும் அறிந்தது. கரையேறாமல் நின்றுவிட்டவை அச்சுக்குப் போன கோப்புகள். இருபது ஆண்டுக்காலச் சிற்றிதழ்களும் கவிதைத் தொகுப்புகளும் பதிப்பகங்களின் முதற்பதிப்புகளும் பேஜ்மேக்கர் கோப்புகளாகவே உறைந்துவிட்டன. அதே அடோபி நிறுவனத்தின் இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அவற்றைத் திறந்தது. அதன் பிறகு வந்தவை திறப்பதில்லை.

நண்பரின் மேசையிலிருக்கும் எக்ஸ்பி கணினி அந்தக் கோப்புகளுக்குக் கடைசித் திறவுகோல். பழைய இதழ்களைத் திறந்து, உரையைப் பிரித்தெடுத்து, மாற்றிகளின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவரும் வேலையை அவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் செய்கிறார். மாற்றிகள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவதில்லை. ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே வடிவில் இருப்பதால் 'கௌரி' 'கெளரி'யாகிவிடும். மனிதக் கண் தேவைப்படும் இடம் அது. விரலிச் சேமிப்பான் வழியாகக் கோப்புகள் வெளியே போகும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. சென்ற பதினைந்து, இருபது ஆண்டுகளில் நம் கணினிகளைச் சீரழித்த நச்சுநிரல்களில் பெரும்பகுதி அந்த விரலிகள் வழியாகத்தான் வந்தது என்பதால் இந்த ஆசாரம் அவசியமானது. அவரது கணினியை 'அருங்காட்சியகப் பொருள்' என்று கேலி செய்பவர்கள் உண்டு. அருங்காட்சியகத்தில் வைத்த பொருள் வேலை செய்யாது. இது தினமும் வேலை செய்கிறது.

இரண்டாம் வழி அந்தப் பெண்ணின் மடிக்கணினிக்கு வாய்த்தது. அதிலிருந்த விண்டோஸ் 7, 'ஸ்டார்ட்டர்' என்ற குறைப்பதிப்பு. மேசைப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 32 பிட் மட்டுமே. இரண்டு ஜிபிக்கு மேல் நினைவகம் பொருத்தினாலும் எடுத்துக்கொள்ளாது. ஆக, அந்த இயங்குதளத்தை வைத்துக்கொண்டு நினைவகத்தைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. ஆனால் உள்ளிருந்த செயலியோ 64 பிட் அறிந்தது. முதல் நாளிலிருந்தே இயந்திரத்தின் ஆற்றலில் பாதி பூட்டப்பட்டிருந்தது என்று பொருள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரசு தந்த அந்த இயந்திரத்தில் விண்டோசோடு கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. கணினியை இயக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை என்றார் நண்பர். பள்ளியில் யாரும் சொல்லவில்லை. அது ஏதோ பழுது என்றே நினைத்திருந்தாராம். நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட்டு, அதைச் சொல்லிக்கொடுக்க ஆளை அனுப்ப மறந்துவிடுவது நமது பழைய வழக்கம். கோபுரமேறி நின்று எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னவர் பிறந்த ஊரிலேயே இந்த நிலை.

செய்த வேலை பெரிதொன்றுமில்லை. முதலில் வன்தட்டிலிருந்த அனைத்தையும் இரண்டு இடங்களில் படியெடுத்தோம். பத்தாண்டு சுழன்ற தட்டு எந்த நாளும் நிற்கலாம் என்பதால் இதுதான் முதல் கடமை. பிறகு அந்தத் தட்டைக் கழற்றி, சுழலும் பாகமில்லாத 120 ஜிபி திண்ம நினைவகம் ஒன்றைப் பொருத்தினோம். பழைய மடிக்கணினி ஒன்றுக்கு உயிர் கொடுக்கும் ஒரே ஒரு மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். செத்துப்போன வேறொரு கணினியிலிருந்து இரண்டு ஜிபி நினைவகம் கிடைத்தது. விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டியபோது அதன் முனகலும் நின்றது. கடைசியாக டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைச் சூழலோடு நிறுவினோம். லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை, புதிய உலாவி. மின்கலம் மட்டும் தேறவில்லை. மின்னிணைப்பு இருந்தால்தான் இயங்கும். வீட்டில் மேசைமேல் இருக்கப்போகும் கணினிக்கு அது பெரிய குறையல்ல. உலாவியில் பத்துச் சாளரங்களைத் திறந்தால் திணறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எழுதுகிறவருக்கு அது நன்மை என்றுகூடச் சொல்லலாம்.

அவருடைய கதைகள் வானவில் எழுத்துருவில் இருந்தன. புதிய இயங்குதளத்தில் திறந்தபோது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. அவர் முகம் வாடிவிட்டது. "பொறும்மா" என்ற மூத்த நண்பர் அவற்றைத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்று மறுவாரம் ஒருங்குறியில் கொண்டுவந்து தந்தார். ஆறு கதைகள்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதிலையே தருகிறோம்: "ஒரு பக்கம்வரை சரியாகத்தான் இருக்கிறது அண்ணா. அதற்குமேல் போனால் முன்னால் எழுதியது கண்ணில் படுவதில்லை." சிறுகதைக்கு இலக்கணம் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய வாக்கியம். கைப்பேசியில் எழுத முடியும். திருத்தி எழுதுவது கடினம். பத்தியை இடம் மாற்றவும், பாதியை வெட்டி எறியவும், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிடவும் ஒரு திரையும் விசைப்பலகையும் வேண்டியிருக்கிறது. இந்த ஆலைப் பகுதியின் வாழ்க்கையை ஆலைக்குள்ளிருப்பவர்கள் எழுதிய கதைகள் ஏன் இன்னும் அதிகம் வரவில்லை என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். நேரமின்மை முதற்காரணம். எழுதுவதற்கு ஒரு கருவி இன்மையும் ஒரு காரணம் என்பது நமக்கே அன்றுதான் உறைத்தது.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். பழைய இயங்குதளம் பாதுகாப்பற்றது என்கிறார்கள். முற்றிலும் உண்மை. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவில்லாத வீட்டில் நகைப்பெட்டியை வைப்பதற்குச் சமம். ஆகவேதான் இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள், அல்லது இயங்குதளத்தை மாற்றுங்கள் என்கிறோம். இரண்டும் இல்லாமல் எக்ஸ்பியிலும் ஏழிலும் இணையத்தில் உலவுவது வீரம் அல்ல, அசட்டுத்தனம். இன்னும் பழைய, 32 பிட் மட்டுமே அறிந்த இயந்திரங்களுக்கு லினக்ஸ் உலகமும் மெல்லக் கதவைச் சாத்திவருகிறது. டெபியனின் 12-ஆம் பதிப்பு அவற்றை ஏற்கும். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பை அவற்றில் புதிதாக நிறுவ வழியில்லை. எல்லாப் பழையதையும் என்றென்றைக்கும் காப்பாற்ற முடியும் என்று நாம் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு இந்த மண்ணுக்கே உரியது. "எல்லோரும் பழையதையே கட்டிக்கொண்டு அழுதால் இங்குள்ள ஆலைகளில் வேலை எப்படி நடக்கும்? உங்கள் நண்பருக்கே சம்பளம் எங்கிருந்து வரும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் கண்முன்னே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு, வேலை தந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. மக்கள் பழைய கைப்பேசிகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியதால் அல்ல. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. சந்தையும் வேறு திசைக்குப் போயிருந்தது. தொழிலாளியின் வேலையைத் தீர்மானிக்கும் கைகள் வேறெங்கோ இருக்கின்றன. அதற்கான பழியைப் பழைய கணினி வைத்திருப்பவன் தலையில் சுமத்தவேண்டாம். தவிரவும், பழுதுநீக்குவதும் வேலைதான். சென்னை ரிச்சி தெருவில் தலைமுறைகளாகச் சோறு போட்டுவரும் வேலை.

மூன்றாவதாக, பழையது மின்சாரத்தை உண்ணும் என்பார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய சில கனத்த இயந்திரங்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் மடிக்கணினி ஒன்று தன் ஆயுளில் சூழலுக்குச் செய்யும் கேட்டின் பெரும்பகுதி அது உற்பத்தியாகும்போதே நிகழ்ந்துவிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். உலோகம் தோண்டுவது, சில்லு வார்ப்பது, கடல் கடந்து கொண்டுவருவது எல்லாம் அதில் அடக்கம். செலவழித்தாகிவிட்ட ஒன்றை மேலும் சில ஆண்டுகள் உழைக்கவைப்பதே சிக்கனம். காயலான் கடைக்குப் போனால் அதன் கதி என்ன என்பதைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை. செம்புக் கம்பிக்காக எரிக்கப்படும் உறையின் நாற்றத்தை அறியாதவர் நம் ஊர்ப்புறங்களில் யார்?

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இரண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. ஏறத்தாழ 2017-க்கு முன் வாங்கிய, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் அலுவலகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வெளியே தள்ளப்படும் காலம் இது. 2025-ன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியதால் புதியதை வாங்குவதும் எளிதல்ல. மற்றொரு காரணம், 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அதில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். அந்தத் திட்டத்தைக் கேலி செய்யும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் சென்ற முறை தந்த ஐம்பது லட்சம் இயந்திரங்களின் கதையிலிருந்து ஏதேனும் கற்றிருக்கிறோமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நாம் வேண்டுவது மூன்று. தரப்படும் இயந்திரத்தின் நினைவகமும் வட்டும் மின்கலமும் கழற்றி மாற்றத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்குவது. ஆதரவு முடிந்த பிறகும் அந்த இயந்திரத்துக்கான இயக்கி நிரல்களும் பழுதுநீக்கக் கையேடும் பொதுவில் கிடைக்கச் செய்வது. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஆண்டுக்கு இரண்டு நாளாவது, பழைய மடிக்கணினியைக் கொண்டுவருவோருக்கு இயங்குதளத்தை மாற்றித் தந்து, அதைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழையதைச் செப்பனிட்டுப் புதுப்பிப்போரையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கேட்கக்கூடாத எதையும் நாம் கேட்டுவிடவில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் ஒன்று உண்டு. அது எழுதுகிறவர்களுடையது. உங்கள் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய கணினி ஒன்று இருக்குமானால், அதில் திஸ்கியிலோ பாமினியிலோ எழுதிய ஏதேனும் இருக்குமானால், இந்த வாரம் எடுத்து மின்னிணைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வன்தட்டு இன்னும் சுழலக்கூடும். அடுத்த ஆண்டும் சுழலும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஓலைச்சுவடி கரையானுக்கு இரையான கதையைச் சொல்லிச் சொல்லி வருந்தும் நாம், நம் காலத்துச் சுவடிகளை நம் கையாலேயே எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண்மணி சென்ற மாதக் கூட்டத்துக்கு வரவில்லை; இரவு ஷிப்டு. ஏழாவது கதையை அனுப்பியிருந்தார். பதினோரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு காட்சியைக் கடைசிக்கு நகர்த்தியிருப்பதாகவும், சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லும்படியும் கேட்டிருந்தார். வந்திருக்கிறது.